தினம் ஒரு படம்: வீட்டுப் புகைப்பட நாட்குறிப்பின் வரலாறு

அன்றாடம் கண்ணில் படும் சாதாரணக் காட்சிகளைப் படமெடுத்து, தேதியும் குறிப்பும் சேர்த்து வரிசையாக வைத்துவரும் வழக்கமே புகைப்பட நாட்குறிப்பு எனப்படுகிறது. வீட்டில் இருப்பவர்கள், வளர்க்கும் நாய், பூனை, சாப்பாட்டு மேசை, வாசல் மரம், போய்வந்த ஊர்கள் ஆகியவையே பெரும்பாலும் இதன் பொருள். கல்யாணம், காதுகுத்து போன்ற விசேஷ நாள்களுக்கான ஆல்பம் வேறு, இது வேறு. ஆல்பம் சிறப்பான நாளைத் தேர்ந்தெடுக்கிறது. நாட்குறிப்போ ஒன்றுமே நடக்காத நாளையும் பதிவு செய்கிறது.

நாட்குறிப்பு எழுதுவது தமிழருக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியில் துபாஷியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்கு முதன்மையான சான்றாக இன்று பயன்படுகிறது. அதன் மதிப்புக்குக் காரணம் நடை அழகு மட்டுமல்ல. இன்ன நாளில் இன்னது நடந்தது, இன்னார் வந்தார் என்று நாளும் பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருப்பதே முக்கியக் காரணம். புகைப்பட நாட்குறிப்புக்கும் இதே விதி பொருந்தும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தேதியும் பெயரும் இல்லாவிட்டால் காலப்போக்கில் அது பேசாத படமாகிவிடும். இந்த வழக்கம் எப்படிப் பிறந்தது, யார் வளர்த்தார்கள், அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கேமரா வீட்டுக்குள் வந்த கதை

1839ஆம் ஆண்டு பிரான்சில் லூயி டாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தத் தொடக்க காலத்தில் ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் ஆயின. எதிரில் இருப்பவர் அசையாமல் இருக்க வேண்டும். பின்னர் இந்த நேரம் குறைந்தபோதும், படம் பிடித்துக்கொள்ள ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஓடும் குழந்தையும் வாலாட்டும் நாயும் படத்தில் வெறும் மங்கலாகவே விழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் பழைய படங்களில் எல்லோரும் விறைப்பாக, சிரிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அக்காலத்தில் வீட்டு வாழ்க்கை இல்லாமல் இல்லை. அதைப் பிடிக்கும் கருவிதான் இல்லை.

1870களில் உருவான ஜெலட்டின் உலர் தகடு இந்த நிலையை மாற்றியது. ஒரு நொடியின் சிறு பகுதியிலேயே படம் பதிவாகத் தொடங்கியது. 1888இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் ‘கோடாக்’ கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 25 டாலர் விலையுள்ள அந்தப் பெட்டியில் 100 படங்களுக்கான சுருள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டர் நகரிலுள்ள தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய சுருளையும் பொருத்தித் திருப்பி அனுப்புவார்கள். வேதிப்பொருள் பற்றி ஒன்றும் தெரியாதவரும் படமெடுக்கலாம் என்ற நிலை வந்தது.

ஆனாலும் 25 டாலர் என்பது அன்று பெரிய தொகை. 1900இல் அதே நிறுவனம் ‘பிரௌனி’ என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரே ஒரு டாலருக்கு விற்றது. இது குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. வீட்டுப் படங்களின் பெருக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எழுத்தாணியுடன் வந்த கேமரா

படங்கள் பெருகியதும் புதியதொரு சிக்கல் எழுந்தது. இது எப்போது எடுத்தது? இதில் இருப்பது யார்? இந்தக் கேள்விக்கு விடையாக 1914இல் கோடாக் நிறுவனம் ‘ஆட்டோகிராஃபிக்’ என்ற வகைக் கேமராக்களை வெளியிட்டது. ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் கண்டுபிடிப்பை விலைக்கு வாங்கி இதை உருவாக்கினார்கள். கேமராவின் பின்புறத்தில் ஒரு சிறு கதவு இருக்கும். படமெடுத்ததும் அதைத் திறந்து, கூடவே வரும் உலோக எழுத்தாணியால் தேதி, இடம், பெயர் ஆகியவற்றைச் சுருளின் காகிதத்தின்மீது எழுத வேண்டும். சில நொடி வெளிச்சம் காட்டிக் கதவை மூடிவிட்டால், சுருளைக் கழுவும்போது படத்தின் ஓரத்தில் அந்தக் கையெழுத்தும் தெரியும்.

ஓலையில் எழுத்தாணியால் எழுதிய மரபில் வந்த நமக்கு இது வியப்பான செய்தி. ஆனால் பெரும்பாலோர் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. இந்த வசதியுள்ள சுருள்கள் 1930களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. படமெடுப்பதில் உள்ள ஆர்வம் குறிப்பெழுதுவதில் இருப்பதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

மறந்துவிடுவோமோ என்று பயந்த சிறுவன்

குறிப்பெழுதும் பொறுமை கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் முதலில் சொல்லத் தக்கவர் பிரான்சு நாட்டின் ஜாக் ஆன்றி லார்திக். 1894ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று பாரிசுக்கு அருகிலுள்ள கூர்பெவுவாவில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் அவருக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பிடித்த காட்சியைக் கண்டால் கண்களைத் திறந்து திறந்து மூடுவார். அப்படிச் செய்தால் காட்சி, ஓசை, மணம் எல்லாம் உள்ளே சிக்கிக்கொள்ளும் என்று நம்பினார். ஒருநாள் அது பலிக்கவில்லை என்று தெரிந்ததும் மிகவும் வருந்தியதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1902இல், எட்டு வயதையொட்டி, அப்பா அவருக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார். கண்ணால் செய்ய முடியாததைக் கருவியால் செய்யத் தொடங்கினார்.

அவர் எடுத்தவை எல்லாம் வீட்டுக் காட்சிகள். தாதி பந்தை மேலே எறிகிறாள். வீட்டுப் பூனை ஸிஸி விளையாடுகிறது. அண்ணன் தானே செய்த பறக்கும் பொறியோடு புல்வெளியில் ஓடுகிறான். உறவுக்காரப் பெண் பிஷோனாட் மாடிப்படியிலிருந்து தாவி, அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிகிறாள். 1905ஐ ஒட்டி எடுத்த இந்தப் படம் இன்று உலகப் புகழ்பெற்றது. சற்று வளர்ந்ததும் கார்ப் பந்தயங்கள், விமான முயற்சிகள், கடற்கரைப் பயணங்கள், பின்னர் மனைவி, மகன் என்று அவருடைய நாட்குறிப்பு வாழ்க்கையோடு சேர்ந்தே நகர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது அவருடைய முறை. இளம் வயதிலிருந்தே எழுத்து நாட்குறிப்பும் கூடவே வைத்திருந்தார். அன்றைய வானிலை எப்படி, எங்கே போனோம், யாரைப் பார்த்தோம் என்று சுருக்கமாக எழுதுவார். அன்று எடுத்த படத்தைச் சிறு கோட்டோவியமாகவும் வரைந்து வைப்பார். கேமராவுக்குள் படம் சரியாக விழுந்ததா என்று கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. விழாமல் போனாலும் ஓவியம் இருக்கும் என்பதே அதன் பயன். படங்களை நூற்றுக்கு மேற்பட்ட பெரிய ஆல்பங்களில் ஒட்டிப் பாதுகாத்தார்.

தம்மை ஓவியராகவே கருதிய லார்திக்கின் புகைப்படங்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தபோது அவருக்கு வயது 69. 1963இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ‘லைஃப்’ இதழிலும் வெளியாயின. அது அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தியைத் தாங்கிய இதழ் என்பதால், படங்கள் இலட்சக்கணக்கானோர் கண்ணில் பட்டன. 1979இல் தம் படங்களையும் குறிப்புகளையும் பிரெஞ்சு அரசுக்குக் கொடையாக அளித்தார். 1986 செப்டம்பர் 12 அன்று நீஸ் நகரில் காலமானார்.

தவறிய தேதி தரும் பாடம்

இவ்வளவு ஒழுங்காகக் குறித்தவரிடமும் பிழை நேர்ந்தது. லார்திக்கின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று, சக்கரம் சாய்ந்து நீள்வட்டமாகத் தெரிய, பந்தயக் கார் ஒன்று விரையும் காட்சி. இது 1912 ஜூன் மாதம் தியெப் நகரை ஒட்டிய பந்தயத்தில் எடுத்தது, கார் டெலாஜ் நிறுவனத்தினுடையது என்றே நெடுங்காலம் நூல்களில் அச்சிடப்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் காரின் எண்ணையும் வடிவத்தையும் பந்தயப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அது 1913இல் அமியான் நகரை ஒட்டி நடந்த பந்தயம், கார் வேறொரு நிறுவனத்தினுடையது என்று தெரியவந்தது.

காரணம் எளிது. சக்கரம் கோணலாக விழுந்த அந்தப் படத்தை எடுத்த காலத்தில் லார்திக் பெரிதாக மதிக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் நினைவு பிசகிவிட்டது. படமெடுத்த அன்றே எழுதாத தேதியை நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். எந்தப் படம் பின்னாளில் முக்கியமாகும் என்று எடுக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். லார்திக்கின் படங்களில் மகிழ்ச்சியே நிறைந்திருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்தில் இரண்டு உலகப் போர்கள் நடந்தன. வேலைக்காரர்களும் தொழிலாளர்களும் அவர் வீட்டைச் சுற்றியே வாழ்ந்தார்கள். அவர்களின் துயரம் இந்த ஆல்பங்களில் மிகக் குறைவு. ஆகவே நாட்குறிப்பு உண்மையைச் சொல்லும். ஆனால் முழு உண்மையைச் சொல்லாது. அதில் இருப்பதைப் படிப்பதுபோல, இல்லாததையும் படிக்கத் தெரிய வேண்டும்.

இந்தியாவில் ஒரு வீட்டுப் பதிவு

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த உம்ராவ் சிங் சேர்கில் (1870-1954) சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற அறிஞர். அவர் மனைவி ஹங்கேரி நாட்டுப் பாடகி. இவர்களின் மூத்த மகள்தான் புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா சேர்கில். உம்ராவ் சிங் நாள்தோறும் படமெடுத்தவர் அல்லர். ஆனால் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் தம்மையும் தம் குடும்பத்தையும் விடாமல் படமெடுத்தார். 1913இல் அம்ரிதா பிறந்த புடாபெஸ்ட், 1921இல் குடும்பம் வந்து சேர்ந்த சிம்லா, 1929க்குப் பின் வாழ்ந்த பாரிஸ் என்று வீடு மாற மாற, அவர் கேமராவும் கூடவே போனது.

அம்ரிதா 1941இல் 28 வயதிலேயே இறந்துவிட்டார். இன்று அவருடைய வாழ்க்கையை எழுதுபவர்களுக்கு, தந்தை எடுத்த வீட்டுப் படங்கள் பெரும் துணையாக உள்ளன. மகள் இவ்வளவு புகழ்பெறுவாள் என்று நினைத்துக்கொண்டு அவர் குழந்தைப் பருவப் படங்களை எடுத்திருக்க மாட்டார். எல்லாத் தகப்பன்மாரையும் போல் ஆசையால் எடுத்தார். அது வரலாறாக நிலைத்தது.

ஒரு நாளுக்கு ஒரே படம்

‘தினம் ஒரு படம்’ என்ற விதியை உறுதியாகக் கடைப்பிடித்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஜேமி லிவிங்ஸ்டன். 1956 அக்டோபர் 25 அன்று பிறந்தவர். 1979 மார்ச் 31 அன்று, நியூயார்க் மாநிலத்திலுள்ள பார்ட் கல்லூரியில் மாணவராக இருந்தபோது இதைத் தொடங்கினார். அவர் பயன்படுத்தியது போலராய்டு நிறுவனத்தின் எஸ்.எக்ஸ்-70 கேமரா. 1972இல் வெளிவந்த இந்தக் கருவி, எடுத்த படத்தை உடனே வெளியே தள்ளும். சில நிமிடங்களில் நம் கண்ணெதிரிலேயே நிறமும் உருவமும் தெளியும்.

அவருடைய விதி கடுமையானது. ஒரு நாளுக்கு ஒரே படம்தான். சரியாக வரவில்லை என்று இன்னொன்று எடுப்பதில்லை. இதனால் ஒவ்வொரு நாளும் “இன்றைக்கு எதை எடுப்பது?” என்று யோசிக்க வேண்டியிருந்தது. நண்பர்கள், சாப்பாடு, தெரு, தொலைக்காட்சித் திரை, பயணத்தில் கண்ட காட்சி என்று பலவற்றை எடுத்தார். பல படங்கள் வெளியாருக்கு ஒன்றும் சொல்லாதவை. ஆனால் வரிசையாகப் பார்க்கும்போது ஓர் இளைஞன் நடுவயதை அடைவது தெரிகிறது. சில முகங்கள் வருகின்றன, சில மறைகின்றன.

1997இல் காட்சி மாறுகிறது. மருத்துவமனைப் படங்கள் வருகின்றன. புற்றுநோயால் அவர் உடல் தளர்வது தெரிகிறது. கடைசி மாதத்தில் நடந்த திருமணமும் அந்த வரிசையில் இருக்கிறது. 1997 அக்டோபர் 25 அன்று, தம் 41ஆம் பிறந்த நாளில், அவர் இறந்தார். அன்றைய தேதியோடு நாட்குறிப்பு முடிகிறது. லார்திக் ஆல்பத்தில் பெரும்பாலும் இல்லாமல் போன துயரம், லிவிங்ஸ்டனின் வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எடுப்பது என்ற விதியே அதற்குக் காரணம். நல்ல நாளை மட்டும் தேர்ந்தெடுக்க அந்த விதி இடம் தரவில்லை.

மொத்தப் படங்கள் 6,697 என்று கணக்கிடப்பட்டுள்ளது. 1979 மார்ச் 31 முதல் 1997 அக்டோபர் 25 வரை இரு நாள்களையும் சேர்த்து எண்ணினால் 6,784 நாள்கள் வருகின்றன. மாணவர்கள் தாங்களே கூட்டிப் பார்க்கலாம், இடையில் ஐந்து லீப் ஆண்டுகள் உண்டு. ஆக, படங்கள் நாள்களைவிட 87 குறைவு. பதினெட்டு ஆண்டுகளில் இது மிகச் சிறிய இடைவெளி. சில நாள் விட்டுப்போனதற்காக நாட்குறிப்பைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கும் இது சான்று.

அவருடைய நண்பர்கள் அந்தப் படங்களைத் தேதி வரிசைப்படி மறுபதிவு செய்து, 2007இல் பார்ட் கல்லூரியில் கண்காட்சியாக வைத்தார்கள். இணையத்திலும் ஏற்றினார்கள். 2008இல் உலகெங்கும் உள்ளவர்கள் அவற்றைத் தேடிப் பார்த்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேதி இருந்ததால்தான், முன்பின் அறியாத ஒருவரின் வாழ்க்கையை அவர்களால் பின்தொடர முடிந்தது.

கைப்பேசிக் காலம்

அமெரிக்காவின் கார்ல் பேடன் 1987 பிப்ரவரி 23 முதலும், நோவா கலினா 2000 ஜனவரி 11 முதலும் நாள்தோறும் தங்கள் முகத்தையே படமெடுத்து வருகிறார்கள். கலினா 2006இல் தம் படங்களைச் சில நிமிடக் காணொளியாக்கி வெளியிட்ட பிறகு, உலகெங்கும் பலர் இதைப் பின்பற்றினர். கைப்பேசியில் கேமரா வந்ததும் படச்சுருள் செலவும் இல்லாமல் போனது.

வளர்ப்பு விலங்கு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. நாயும் பூனையும் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளே நம்மோடு இருக்கின்றன. கண் திறக்காத குட்டி முதல் முகம் நரைத்த கிழட்டுப் பருவம் வரை, ஓர் உயிரின் வாழ்நாள் முழுவதையும் ஒருவரே பதிவு செய்ய முடியும்.

கைப்பேசி தானாகவே தேதியையும் நேரத்தையும், அனுமதித்தால் இடத்தையும் படக்கோப்பில் பதிவு செய்கிறது. 1914இல் எழுத்தாணியால் செய்த வேலையை இன்று கருவியே செய்கிறது என்று சொல்லலாம். ஆனால் மூன்று குறைகள் உள்ளன. கைப்பேசியின் கடிகாரம் தவறாக இருந்தால் தேதியும் தவறும். செய்திச் செயலிகள் வழியே அனுப்பும்போது இந்தத் தகவல்கள் பெரும்பாலும் நீங்கிவிடும். மூன்றாவதுதான் முக்கியம். படத்தில் இருப்பவர் நமக்கு என்ன உறவு, ஏன் அன்று அங்கே வந்தார், நாயின் காலில் ஏன் கட்டு என்பன எந்தக் கருவிக்கும் தெரியாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து சில எளிய நெறிகள் கிடைக்கின்றன.

ஒரு நாளுக்கு எத்தனை படம் எடுத்தாலும் ஒன்றை மட்டும் தேர்ந்து நாட்குறிப்பில் வைக்க வேண்டும். ஐம்பதையும் வைத்தால் பின்னால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அன்றிரவே ஒரு வரி எழுத வேண்டும். தேதி, இடம், இருப்பவர்களின் பெயர், உறவு ஆகியவை போதும். ‘மாமா’ என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு எந்த மாமா என்று தெரியாது. பெயரையும் ஊரையும் சேர்க்க வேண்டும்.

பயணப் படங்களில் கோபுரத்தையும் அருவியையும் மட்டும் எடுக்காமல், ஏறிய பேருந்து, தங்கிய அறை, சாப்பிட்ட கடை ஆகியவற்றையும் எடுக்க வேண்டும். கோபுரம் அங்கேயே இருக்கும், கடை இருக்காது.

படங்களை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. கைப்பேசியில் ஒன்று, வேறொரு சேமிப்புக் கருவியில் ஒன்று என இரண்டு படிகள் தேவை. மாதத்துக்குச் சில படங்களையாவது அச்சிட்டு, பின்புறத்தில் பென்சிலால் மெதுவாகக் குறிப்பு எழுதலாம்.

வீட்டார் படம் வீட்டாருடையது. குழந்தைகள், நோயாளிகள் ஆகியோரின் படங்களை அவர்களின் அல்லது பொறுப்பாளரின் விருப்பமின்றி இணையத்தில் போடக் கூடாது. நாட்குறிப்பு முதலில் வீட்டுக்குரியது.

முடிவுரை

நான் ஆசிரியராக இருந்தபோது, சமூக அறிவியல் வகுப்பில் ‘குடும்ப வரலாறு’ என்ற செயல்பாட்டுக்காக வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கொண்டுவந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பெரியவர்கள், பக்கத்தில் நின்ற சிறுவர்கள், சில படங்களில் காலடியில் ஒரு நாய். “இவர் யார்?” என்று கேட்டேன். பலர் விழித்தார்கள். ஒரு மாணவி மட்டும், “பாட்டிக்குத் தெரியும் சார், ஆனா பாட்டி போன வருஷம் செத்துப்போச்சு” என்றாள். படம் பத்திரமாக இருந்தது. ஆனால் அதில் இருந்தவர் தொலைந்துவிட்டார். பின்புறத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

லார்திக்கும் லிவிங்ஸ்டனும் தங்கள் நாள்களுக்குத் தேதியிட்டு வைத்ததால், இன்று முன்பின் தெரியாதவர்களும் அவற்றைப் படிக்கிறார்கள். நம் வீட்டு நாள்களை உலகம் படிக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் படித்தால் போதும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பழைய படங்களை எடுத்துவைத்து, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இன்றைய படத்தை எடுத்து, இன்றைய தேதியை எழுதுங்கள். புகைப்பட நாட்குறிப்பு அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது.